படம் புரியவில்லையா? ஓரத்தைப் பாருங்கள்: சோதனைப் புகைப்படக் கண்காட்சிக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு சிறிய கலைக்கூடத்தில் எட்டுப் பத்துக் கலைஞர்கள் சேர்ந்து வைத்திருந்த புகைப்படக் கண்காட்சிக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். அழைத்துப் போனேன் என்பதே கொஞ்சம் மிகைதான். கடைத்தெருவில் பூவும் வெற்றிலையும் வாங்க வந்தவரை, வெயில் தாங்கவில்லை, உள்ளே ஏர்கோன் இருக்கிறது என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே ஒரு மூலையில், மற்ற சுவர்களைவிட வெளிச்சம் குறைவான இடத்தில், கையகலக் காகிதம் ஒன்று மாட்டியிருந்தது. வெளிறிய மஞ்சள் பரப்பு, நடுவில் அடர்மஞ்சளில் ஒரு வேப்பிலைக் கொத்து. நான் சுவரில் ஒட்டியிருந்த விளக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, ‘நினைவு’, ‘நிலையாமை’ என்ற சொற்களுக்கு நடுவே வழி தெரியாமல் நின்றேன். அம்மா கிட்டே போய்க் கண்ணாடியை மேலேற்றிப் பார்த்தார். “மஞ்சள் கறைடா இது. வெயில்ல போட்டிருக்காங்க. இலை மறைச்ச இடம் மட்டும் வெளுக்கல.”

சேலையில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் காயப்போட்டுப் போக்கியவர்களுக்கு இதில் ஒளிவுமறைவே இல்லை. கீழே இருந்த சின்னச் சீட்டைப் பார்த்தேன்: மஞ்சள், காகிதம், சூரிய ஒளி. அம்மா சொன்னதும் அதுவே.

அதிலிருந்து, இந்த மாதிரிச் சோதனைப் புகைப்படக் கண்காட்சிக்கு, அதாவது வழக்கமான கேமராப் படத்தை விட்டுப் பொருளையும் முறையையும் மாற்றிப் பார்க்கும் கண்காட்சிக்கு, முதன்முறை போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் சொல்வது ஒன்றுதான். ‘இது என்ன படம்?’ என்று கேட்டுக்கொண்டு நின்றால் கால் வலிப்பதுதான் மிச்சம். ‘இது எப்படி வந்தது?’ என்று கேளுங்கள், படம் பேச ஆரம்பித்துவிடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்தான்.

முதல் படி: எங்கே, எப்போது

ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளின் சுவரோவியத்துக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத பினாங்குத் தமிழர் யாரும் இருக்க முடியாது. 2012இல் அதை வரைந்தவர் எர்னஸ்ட் சக்காரெவிச். 2014இல் அவருடைய தனிக் கண்காட்சியோடுதான் ஜாலான் குருத்வாராவில் இருக்கும் ஹின் பஸ் டிப்போ கலைக்கூடமாக மாறியது. 1947இல் கட்டிய பழைய பஸ் டிப்போ அது. கொம்தார் கோபுரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சுவரோவியத்தைத் தெரிந்த அளவுக்கு நம் ஆட்களுக்கு இந்த இடம் தெரிவதில்லை என்பது என் வருத்தம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகிறவர்கள்கூட சாப்பாட்டையும் சோப்பையும் பார்த்துவிட்டு, காட்சி அறைப் பக்கம் எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு: ஜாலான் பின்ஜாயில் இருக்கும் இல்ஹாம் கலைக்கூடம், அம்பாங் பார்க் எல்ஆர்டியிலிருந்து நடக்கும் தூரம், நுழைவுக் கட்டணம் கிடையாது. ஜாலான் தெமர்லோவில் பாலாய் செனி நெகாரா, அதாவது தேசியக் கலைக்கூடம், இருக்கிறது. 1958இல் தொடங்கிய நிறுவனம், இடம் பெரிது, பொறுமையாகப் பார்க்கலாம். கம்போங் அத்தாப்பில் சோங்ஷான் கட்டடம் என்று பழைய கடைவீடுகளைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள், உள்ளே சின்னச் சின்னக் கூடங்கள். இந்தச் சின்ன இடங்களில்தான் சோதனை முயற்சிகள் அதிகம் வரும். ஆனால் மாடிப்படி எங்கே என்று தேட வேண்டியிருக்கும், மணியடித்துக் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டியிருக்கும். கூச்சப்பட வேண்டாம், ஆள் வரமாட்டார்களா என்று அவர்களே காத்துக்கொண்டிருப்பார்கள்.

பல கூடங்கள் திங்கட்கிழமை அடைத்திருக்கும். புறப்படும் முன் அவர்களுடைய சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். திறப்புவிழா மாலைக்கு மட்டும் முதன்முறையாகப் போகாதீர்கள். முதுகுகளைத்தான் பார்க்க முடியும்.

இரண்டாம் படி: படிக்காமல் ஒரு சுற்று

உள்ளே போனதும் எதையும் படிக்காமல், எங்கும் நிற்காமல், ஒரு சுற்று வாருங்கள். ஐந்து நிமிடம் போதும். கால் தானாக எங்கே நிதானிக்கிறதோ அந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று படங்கள் கிடைத்தால் அன்றைக்கு அது போதும். முப்பதையும் ஒரே மூச்சில் பார்த்தால் கடைசியில் எல்லாமே பாசெம்பூர் சாலட் மாதிரி கலந்துபோகும்.

மூன்றாம் படி: ஓரத்துக்குப் போங்கள்

தேர்ந்தெடுத்த படத்தின் நடுவை விட்டுவிட்டு அதன் விளிம்பைப் பாருங்கள். சாதாரணப் புகைப்படத்தில் விளிம்பில் ஒன்றும் இருக்காது. சோதனைப் படத்தில் செய்த கையின் தடம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

ஒரு நீலப் படம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் வெள்ளையாகப் பெரணி இலை. ஓரத்தில் நீலம் நேர்கோட்டில் முடியாமல், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி தூரிகைக் கீற்றுகளோடு முடிகிறதா? அப்படியானால் யாரோ மருந்தைக் கையால் காகிதத்தில் தடவியிருக்கிறார்கள். இதற்குச் சயனோடைப் என்று பெயர். ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் 1842இல் கண்டுபிடித்தது. இரண்டு இரும்பு உப்புகளைக் கலந்து காகிதத்தில் பூசி, மேலே இலையை வைத்து வெயிலில் காட்டி, வெறும் தண்ணீரில் அலசினால் போதும், வெயில் பட்ட இடம் நீலமாகிவிடும், இலை மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். மறு வருடமே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை இப்படிப் பதித்து நூலாக்கத் தொடங்கினார். வீட்டு வரைபடத்தை இன்றும் ப்ளூபிரிண்ட் என்கிறோமே, அந்த நீலமும் இதே நீலம்தான்.

அப்புறம் பக்கவாட்டில் நின்று பாருங்கள். காகிதம் பளபளக்கிறதா, துணி மாதிரி மடிகிறதா, மேலே நூல் தைத்திருக்கிறார்களா, கீறியிருக்கிறார்களா. கைப்பேசித் திரையில் இவை எதுவும் தெரியாது. நேரில் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

நான்காம் படி: சீட்டில் மூன்றாவது வரி

படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் வழக்கமாகக் கலைஞர் பெயர், தலைப்பும் ஆண்டும், அப்புறம் என்ன பொருளில் எப்படிச் செய்தது என்ற வரி, கடைசியில் அளவு இருக்கும். புதியவர்கள் தலைப்பைப் படித்துவிட்டு நின்றுவிடுவார்கள். தலைப்பு பல நேரம் ‘தலைப்பில்லை’ என்றே இருக்கும்! பொருள் வரிக்குப் போங்கள். அங்கே வரக்கூடிய சில சொற்களைச் சொல்கிறேன்.

போட்டோகிராம் என்றால் கேமரா இல்லாமல், பொருளையே புகைப்படக் காகிதத்தின் மேல் வைத்து ஒளி பாய்ச்சியது. மருத்துவமனை எக்ஸ்ரேயை நினைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு நிழல்தானே. 1920களில் பாரிஸில் மேன் ரே இதை வைத்துக் கலக்கினார். கெமிகிராம் என்பது புகைப்படக் காகிதத்தில் தேன், மெழுகு, எண்ணெய் எதையாவது பூசி, உருத்துலக்கும் மருந்திலும் நிலைப்படுத்தும் மருந்திலும் மாற்றி மாற்றி முக்குவது. பெல்ஜியத்தின் பியேர் கோர்டியே 1956இல் தொடங்கிவைத்தது. ஓவியமா புகைப்படமா என்று திகைக்க வைக்கும் வளையங்கள் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான். லூமன் என்று இருந்தால், கறுப்புவெள்ளைக் காகிதத்தை இலைதழையோடு நேரே வெயிலில் வைத்து, மருந்தில் துலக்காமல் கிடைத்த வண்ணம். கறுப்புவெள்ளைக் காகிதத்தில் இளஞ்சிவப்பும் பழுப்பும் எப்படி வருகிறது என்று எனக்கு இன்றும் வியப்புத்தான்.

‘ஆர்க்கைவல் பிக்மெண்ட் பிரிண்ட்’ என்று கண்டால் மிரள வேண்டாம். நல்ல மை, நல்ல காகிதம் போட்ட இங்க்ஜெட் அச்சு. அவ்வளவே.

ஒரே ஃபிலிமில் இரண்டு படம் எடுக்கும் இரட்டைப் பதிவு, காலாவதியான ஃபிலிம், ஃபிலிமைச் சோப்புத் தண்ணீரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஊறவைப்பது போன்றவையும் வரும். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், இவற்றில் பாதி எனக்கு அலுத்துவிட்டது. கறை அழகாக விழுந்தது என்பதற்கு மேல் ஒன்றும் இல்லாத படங்கள் நிறைய. ஏன் அந்தக் கறை, ஏன் அந்தத் தண்ணீர் என்று கேட்டால் பதில் வர வேண்டும். தமிழிலேயே பேசும் ஒரு பொருள் இருந்தால் இன்னும் சுகம், அந்த மஞ்சள் மாதிரி.

கணினியில் செய்ததும் இப்போது அதிகம். படத்தின் கணினி ஃபைலை வேண்டுமென்றே கெடுத்து எடுத்த கோடுகள், செயற்கை நுண்ணறிவுப் படங்கள். 2023இல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மன் கலைஞர் சோனி உலகப் புகைப்படப் போட்டியில் பரிசு வாங்கும் இடத்துக்கு வந்து, இது செயற்கை நுண்ணறிவு உருவாக்கியது, எனக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அப்படிப்பட்ட படத்துக்கு முன்னால் நின்றாலும் கேள்வி அதேதான், எப்படி வந்தது?

ஐந்தாம் படி: பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள்

கூட்டுக் கண்காட்சி என்பது பலகாரத் தட்டு மாதிரி என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுவைத்துப் போகிறவர்கள் உண்டு. யார் பக்கத்தில் யாரை மாட்டுவது, எதற்கும் எதற்கும் இடையே எவ்வளவு வெற்றுச் சுவர் விடுவது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருப்பார். அவர்தான் கண்காட்சி அமைப்பாளர், கியூரேட்டர். இரண்டு படங்களுக்கு நடுவே நின்று, இவை ஏன் அண்டை வீட்டுக்காரர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சில நேரம் நிறம் காரணமாக இருக்கும், சில நேரம் சண்டை.

எல்லாச் சோதனையும் மருந்திலும் தாளிலும் நடப்பதில்லை. சிம்ரின் கில் என்ற கலைஞர் போர்ட்டிக்சனில் வளர்ந்தவர். 2001இல் ‘டாலாம்’ (மலாயில் ‘உள்ளே’) என்று ஒரு தொகுப்பு செய்தார். தீபகற்ப மலேசியா முழுக்க முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, வரவேற்பறையை மட்டும் படம் எடுத்தார். மொத்தம் 258 படங்கள். ஒன்றிலும் ஆள் இல்லை. தனியாக எடுத்தால் ஒரு சோபா, ஒரு நாட்காட்டி, ஒரு திரைச்சீலை. 258 வரிசையாக நின்றால் ஒரு நாட்டின் உட்புறம். அங்கே சோதனை எண்ணிக்கையில் இருக்கிறது. சுவரில் ஒரே மாதிரி நாற்பது படம் தெரிந்தால் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் ‘போர்’ என்று நகராதீர்கள்.

இதெல்லாம் வெளியூர் வேடிக்கை என்றும் நினைக்க வேண்டாம். நம் பினாங்குக்காரர் இஸ்மாயில் ஹாஷிம், 2013இல் மறைந்தவர், கறுப்புவெள்ளைப் படங்களை அச்சிட்டு அதன்மேல் கையால் வண்ணம் தீட்டினார். பழைய ஸ்டூடியோக்களில் தாத்தா படத்துக்கு வேட்டிக் கரையும் பாட்டி படத்துக்கு உதடும் சிவப்பாக்கிக் கொடுத்தார்களே, அதே கைவேலை. அவர் அதைச் சாதாரண மனிதர்களின் அன்றாடப் பொருள்களுக்குக் கொடுத்தார். பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம், பத்திரிகைப் புகைப்படங்களைத் திரையச்சு (ஸ்கிரீன் பிரிண்ட்) மூலம் ஓவியத்துக்குள் கொண்டுவந்தவர். கூட்டுக் கண்காட்சிகளில் இவர்கள் இருவர் பெயரும் கண்ணில் பட்டால் அங்கே கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள்.

ஆறாம் படி: கேளுங்கள், தொடாதீர்கள்

வாசலருகே மேசை போட்டு ஒரு பெண்ணோ பையனோ உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் அவர்களே ஓவியம், புகைப்படம் படிக்கும் மாணவர்களாக இருப்பார்கள். காக் (அக்கா) என்றோ அண்ணன் என்றோ தம்பி என்றோ வாய்க்கு வந்தபடி கூப்பிடலாம், யாரும் கோபிப்பதில்லை. “இது எப்படிச் செய்தது?” என்று கேளுங்கள். “இதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டால் சுவரில் இருப்பதையே திரும்ப ஒப்பிப்பார்கள். எப்படிச் செய்தது என்றால் முகம் மலர்ந்து, மழை வந்து மூன்று முறை கெட்டுப்போனது என்பதுவரை சொல்வார்கள். கலைஞரோடு உரையாடல் என்று ஒரு நாள் வைப்பார்கள், அதற்குப் போனால் இன்னும் நல்லது.

தொடாதீர்கள் என்பதைப் பட்ட அனுபவத்தில் சொல்கிறேன். கோலாலம்பூரில் ஒரு கூடத்தில் மெல்லிய துணியில் அச்சிட்ட முகங்களை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். ஏர்கோன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பட்டா பருத்தியா என்று பார்க்க இரண்டு விரலால் பிடித்தேன், அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒரு “சார்!” வந்தது பாருங்கள், கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். விரலில் காலையில் பசியாறிய ரொட்டி சானாய் எண்ணெய் வேறு. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. பையை முதுகிலிருந்து முன்பக்கம் மாற்றிக்கொள்வதும் நல்லது. படம் எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், எடுத்தாலும் ஃபிளாஷ் வேண்டாம். சில படங்கள் வெளிச்சத்தாலேயே செத்துப்போகும். முன்னே சொன்ன நீலப் படம்கூட ஒளியில் வெளிறும். ஆனால் இருட்டில் வைத்தால் மெல்ல மீண்டுவிடும், மஞ்சளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

விலைப் பட்டியல் கேட்பதும் தப்பில்லை. வாங்கத்தான் கேட்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ‘3/5’ என்று இருந்தால் மொத்தம் ஐந்து அச்சு, அதில் இது மூன்றாவது. ‘ஏபி’ என்பது கலைஞர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் கூடுதல் பிரதி. சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது. கெமிகிராம், லூமன் போன்றவை அநேகமாக ஒன்றே ஒன்றுதான் இருக்கும், ஏனென்றால் அதே படத்தை மறுபடி செய்ய அவர்களாலேயே முடியாது. நாலாயிரம் வெள்ளியா என்று வாயைப் பிளக்கும் முன் அதையும் கணக்கில் எடுங்கள். என்னால் வாங்க முடிந்தது இதுவரை அஞ்சலட்டைகள்தான்.

ஏழாம் படி: வீட்டுக்கு வந்து ஒன்று செய்து பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டால் மேலே சொன்னதில் பாதி வீண். மஞ்சள் படத்துக்குச் செலவு ஐந்து வெள்ளிகூட ஆகாது. இதையும் அதே ஹெர்ஷல் 1842இல் எழுதிவைத்திருக்கிறார், பூச்சாறுகளைக் கொண்டு. பெயர் ஆந்தோடைப்.

இரண்டு தேக்கரண்டி மஞ்சள் தூள், கால் கோப்பை சர்ஜிக்கல் ஸ்பிரிட். தண்ணீரில் மஞ்சளின் நிறச்சத்து சரியாகக் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். அடுப்புப் பக்கம் வேண்டாம், சட்டென்று பற்றிக்கொள்ளும். கலக்கிப் பத்து நிமிடம் விட்டுப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். சன்னல் திரையை இழுத்துவிட்டு, வாட்டர்கலர் காகிதத்தில் அகலத் தூரிகையால் ஒரே வீச்சாகப் பூசுங்கள். நின்று நின்று பூசினால் கோடு விழும். முதல் முறை எனக்கு விழுந்தது, அம்மா தூரிகையைப் பிடுங்கிக்கொண்டார். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. காய வைப்பது அலமாரிக்குள், இருட்டில்.

மேலே தட்டையான இலை. கறிவேப்பிலை நன்றாக வரும், துளசி சுருண்டுகொள்கிறது. அதன்மேல் படச்சட்டத்துக் கண்ணாடி, இரண்டு பக்கமும் துணிக் கிளிப். இலை கண்ணாடியோடு ஒட்டி நின்றால்தான் விளிம்பு கூர்மையாக விழும். காலை பத்து மணிக்கு மொட்டை வெயிலில் வையுங்கள். பினாங்கில் பிற்பகல் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, கொடியில் துணி கிடக்கும்போது வைக்கும் கண்ணை இதன்மேலும் வையுங்கள். நல்ல வெயில் என்றால் எங்கள் வீட்டில் நான்கு மணி நேரம் ஆகிறது. ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்து, வெளியே உள்ள மஞ்சள் வெளுத்துப் போயிருந்தால் எடுத்துவிடலாம்.

இதோடு நிறுத்தலாம். இல்லையென்றால் வெண்காரம் (போராக்ஸ்) கரைத்த தண்ணீரைத் தெளித்தால் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதே சங்கதி. அம்மாவுக்கு மஞ்சளாகவே இருப்பதுதான் பிடித்தது.

இந்தப் படத்தை நிலைப்படுத்த மருந்து கிடையாது. சுவரில் மாட்டினால் சில வாரங்களில் வெற்றுக் காகிதம்தான் மிஞ்சும். அதனால்தான் அந்தக் கூடத்தில் அதை இருட்டு மூலையில் வைத்திருந்தார்கள். அம்மா செய்த கறிவேப்பிலைக் கொத்து இப்போது அவருடைய அலமாரியில், பட்டுச் சேலைகளுக்கு நடுவே, செய்தித்தாளில் சுற்றிக் கிடக்கிறது. வீட்டுக்கு யாராவது வந்தால் எடுத்து வந்து, ஒரு நிமிடம் காட்டிவிட்டு, “போதும், வெளுத்துடும்” என்று மறுபடி சுற்றி உள்ளே வைத்துவிடுகிறார். நேற்று எனக்கும் அப்படித்தான் காட்டினார். காம்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.